மணியோடு நாலு பூங்கா: நாயைக் கூட்டிக்கொண்டு முதல் ஆர்.வி. பயணம்

முதல் தடவை நாங்கள் சொதப்பியது வரிசையில்தான். ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, முதலில் பதிவு செய்தோம். அப்புறம் பார்க்க வேண்டிய பூங்காக்களைக் குறித்தோம். மணியைப் பற்றிக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் யோசித்தோம். கடைசியில் சயான் பூங்காவின் ஷட்டில் பேருந்து நிறுத்தத்தில் நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பேருந்தில் நாய்க்கு இடமில்லை. பேருந்து ஓடும் மாதங்களில் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டியையும் விடமாட்டார்கள்.

மணி எங்கள் நாய். பாதி லாப்ரடார், மீதி என்னவென்று அவனை எங்களுக்குக் கொடுத்த காப்பகத்துக்கே தெரியாது. பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் எல்லாரும் அவனைப் பணம் என்ற பொருளில் 'மனி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகிற செலவைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

வாடகை ஆர்.வி. எடுத்து, நாயோடு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு முதல் முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஃபீனிக்ஸ்வாசிகள் என்பதால் அரிசோனா, யூட்டா பக்கத்துக் கதைதான் அதிகம் வரும். எந்த மாநிலமானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் நாய், அடுத்து பூங்கா, அடுத்து தங்குமிடம், கடைசியில் வண்டி.

முதலில் நாய்க்கு எங்கே அனுமதி என்று பாருங்கள்

தேசியப் பூங்கா என்றதும் நாய் ஓடி விளையாடும் காடு என்று நினைத்துவிடுகிறோம். நடைமுறை வேறு. பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் கார் போகிற இடம் வரைக்கும்தான் நாய் போகலாம்: சாலை, வண்டி நிறுத்துமிடம், கூடாரத் திடல், மேசை போட்ட சாப்பாட்டு இடம். மலைப்பாதைகளில் பெரும்பாலும் அனுமதி கிடையாது. நாயின் வாசனையே சின்ன விலங்குகளுக்கு ஒரு வேட்டை விலங்கு வந்துபோன அடையாளம். நாய் போன பிறகும் அந்த வாசனை அங்கேயே இருக்கும். கரடி, ஓநாய், மலைச்சிங்கம் உள்ள இடத்தில் நாயே இரையாகிவிடவும் கூடும்.

ஆனால் எல்லாப் பூங்காவும் ஒன்றல்ல. பயணத் திட்டத்தின் பாதி வேலை இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. மேய்ன் மாநிலத்து அகேடியாவில் சுமார் 100 மைல் நடைபாதையிலும் 45 மைல் பழைய குதிரைவண்டிச் சாலைகளிலும் நாய் வரலாம். வர்ஜீனியாவின் ஷெனண்டோவாவில் 500 மைல் பாதைகளில் 20 மைலுக்கும் குறைவானதுதான் தடை. நியூ மெக்சிகோவின் வெள்ளை மணற்குன்றுகளில் நாயோடு ஏறி இறங்கலாம். எங்கள் அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்டில் எல்லா நடைபாதையும் திறந்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் இரண்டிலும் ஒரு நடைபாதையில்கூட நாய்க்கு அனுமதி கிடையாது. யெல்லோஸ்டோனில் சாலையிலிருந்து 100 அடிக்கு மேல் நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. வெந்நீர் ஊற்றுகளின் மேல் போட்ட பலகைப் பாதையில் ஏறவே கூடாது.

ஆர்ச்சஸ் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான தேசியப் பூங்காக்களை ஒட்டித் தேசிய வனமோ, பொது நில நிர்வாகத்தின் நிலமோ, மாநிலப் பூங்காவோ இருக்கும். அங்கே விதிகள் தளர்வு. மோவாப் ஊரிலிருந்து டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவுக்குப் போனால், நடைபாதைகளில் நாயோடு நடந்துகொண்டே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதைப் பார்க்கலாம். பிரைஸ் கேன்யன் போகிற வழியில் ரெட் கேன்யன் என்று ஒன்று வரும். அது தேசிய வனத்தைச் சேர்ந்தது. பாறை அதே செந்நிறம், கூட்டம் பாதி, நாய்க்கும் அனுமதி உண்டு. எங்களுக்கு மனதில் நின்ற நடைகள் பலவும் இந்த மாதிரிப் பக்கத்து இடங்களில் கிடைத்தவைதான்.

கயிற்றின் நீளம் எல்லாப் பூங்காவிலும் 6 அடிக்குள். இழுத்தால் நீளும் கயிறு இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 'நம்ம நாய் சமர்த்து, எங்கேயும் போகாது' என்று சொல்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1981-இல் யெல்லோஸ்டோனில் ஒரு நாய் வண்டியிலிருந்து தப்பி, கொதிக்கிற ஊற்றில் பாய்ந்துவிட்டது. நாயின் சொந்தக்காரருடைய நண்பர், 24 வயது இளைஞர், அதைக் காப்பாற்ற உள்ளே குதித்தார். தண்ணீரின் சூடு 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். இரண்டு உயிரும் போயிற்று. அன்றைக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தால் போதும்.

நாய்க்கான விதிகளை ஆங்கிலத்தில் 'பார்க்' என்று நான்கு எழுத்தில் சுருக்கி வைத்திருக்கிறார்கள்: கழிவைப் பையில் எடு, எப்போதும் கயிற்றில் வை, விலங்குகளை மதி, எங்கே போகலாம் என்று தெரிந்துகொள். குரைப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பூங்காவுக்கான சொல்லும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும் வேடிக்கை அமெரிக்கர்களுக்குக் கிடைக்காது. சில பூங்காக்களில் இந்த விதிகளுக்கு உறுதிமொழி சொன்னால் நாய் 'பார்க் ரேஞ்சர்' ஆகலாம். கழுத்தில் மாட்டும் வில்லை விற்பார்கள். மணியிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் கடித்து வைத்திருக்கிறான்.

எந்த மாதம், எவ்வளவு தூரம்

அரிசோனா, யூட்டாவுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. நடுவில் உள்ள மாதங்களில் தரை சுடும், ஜூலைக்குப் பிறகு திடீர் வெள்ளமும் வரும். ஆனால் பாலைவனம் என்று நினைத்து மெல்லிய போர்வையோடு போய்விடாதீர்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம், பிரைஸ் 8,000 அடிக்கு மேல். மே மாதத்திலும் இரவில் தண்ணீர்க் குழாய் உறையலாம். அப்படிப்பட்ட இரவில் வெளிக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியின் தொட்டித் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு நாளைக்கு 200 மைல். அதற்கு மேல் வேண்டாம். வரைபடம் நாலு மணி நேரம் என்றால் ஆர்.வி.யில் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாய் இறங்க வேண்டும், மேட்டில் வண்டி திணறும், பெட்ரோல் நிலையத்தில் உயரம் பார்த்துத்தான் நுழைய வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். முன்பின் தெரியாத திடலில் இருட்டில் ரிவர்ஸ் எடுப்பது, புதிதாகக் கல்யாணமானவர்கள் செய்யக் கூடாத காரியம்.

ரிவர்ஸ் எடுக்க எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் வண்டிக்குப் பின்னால், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நகரக் கூடாது. கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று ஒரு விசில் வாங்கினோம். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் வா. நம்ம ஊர் கண்டக்டர் பாணிதான். பக்கத்து அமெரிக்கர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் கைதட்டினார்கள்.

இடம் பிடித்தல்

பல பூங்காத் திடல்களுக்கு ஆறு மாதம் முன்பே இணையத்தில் பதிவு திறக்கும், ரிக்ரியேஷன்.காவ் தளத்தில். நல்ல இடங்கள் திறந்த சில நிமிடங்களில் போய்விடும், தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டியின் நீளத்துக்கு அந்த இடம் போதுமா. பல திடல்கள் இன்றைய பெரிய வண்டிகள் வருவதற்கு முன்பே போட்டவை. கிராண்ட் கேன்யனின் மேதர் திடலில் 30 அடிக்கு மேல் நுழைய முடியாது. இரண்டாவது, ஹூக்-அப் உண்டா. மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் இடத்திலேயே இருந்தால் முழு ஹூக்-அப். பூங்காக்களுக்குள் இது அபூர்வம். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்ற ஒரு திடலில் மட்டும்தான் உண்டு. கரடிகள் நடமாடும் இடம் என்பதால் அங்கே துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை.

நாய் இருந்தால் இந்த மின்சாரக் கேள்வி ஆடம்பரம் அல்ல. வெயில் காலத்தில் ஏசி ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும்.

நுழைவுக் கட்டணம் சுருக்கமாக: கிராண்ட் கேன்யன், சயான் மாதிரி இடங்களில் ஒரு வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். மூன்று பூங்கா போவதாக இருந்தால் ஆண்டு அட்டை லாபம். 2026 ஜனவரி முதல் அந்த அட்டை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. அட்டை இல்லாத வெளிநாட்டவர் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும்போது போகிறீர்கள் என்றால் இதை முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.

வண்டி

ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ என்பது பேருந்து அளவு. பி என்பது வேன், உள்ளே இரண்டு பேரும் ஒரு நாயும் திரும்ப இடமிருக்காது, ஆனால் எங்கும் நுழையும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். சி என்பது ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வகை. முதல் தடவைக்கு 25 அடி சி வகை எடுங்கள் என்பது என் கட்சி. சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். கேலனுக்கு எட்டிலிருந்து பத்து மைல் கிடைக்கும் என்று வைத்துப் பெட்ரோல் கணக்குப் போடுங்கள்.

வாடகைத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கைக்கு இவ்வளவு, நாய்க்குத் தனியாக, சுத்தம் செய்யத் தனியாக என்று சேர்ந்துகொண்டே போகும். நாய்க்கு அனுமதி உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கார் காப்பீடு ஆர்.வி.க்குச் செல்லுமா என்று போன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் செல்லாது.

வண்டியை எடுக்கும்போது ஒருவர் நாயோடு வெளியே நிற்கட்டும், மற்றவர் ஒவ்வொரு பொத்தானையும் போட்டுப் பார்க்கட்டும், கைபேசியில் படம் எடுத்தபடியே. உயரம், அகலம், நீளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். இது ஏன் என்று சயானில் தெரியும்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

வண்டிக்கு அடியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளியலறை–சமையலறைத் தண்ணீர் போகும் கிரே டேங்க், கழிப்பறைக்கான பிளாக் டேங்க். எல்லாரும் பயப்படுவது மூன்றாவதற்கு. ஒரு தடவை செய்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

கையுறை போடுங்கள். கழிவுக்குழாயின் ஒரு முனையை வண்டியில் திருகி, மறுமுனையைத் தரையில் உள்ள துளையில் அசையாமல் பொருத்துங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். சத்தம் அடங்கியதும் மூடுங்கள். அடுத்து கிரே வால்வு, அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய பிறகு கழிப்பறை வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றிவிடுங்கள். முழு ஹூக்-அப் இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளே கெட்டிப்பட்டுவிடும். குடிதண்ணீர்க் குழாயையும் கழிவுக்குழாயையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

நம்ம சமையலுக்குக் கிரே டேங்க்தான் முதலில் நிரம்பும். குழம்புப் பாத்திரத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவினால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். தாளிப்பதற்கு முன் கூரை ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். முதல் நாள் காலை நான் கடுகும் மிளகாயும் போட்டதும் புகை எச்சரிக்கை மணி அலற, மணி மேசைக்கடியில் போய் ஒளிந்தவன் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை. இட்லி மாவு கொண்டுபோகிறவர்களுக்கு: பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வெயிலில் ஓடும் வண்டியில் மாவு பொங்கும் வேகம் வேறு.

மின்சாரம் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு. 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஏறக்குறைய பாதியைத் தின்னும், அதோடு மைக்ரோவேவ், இன்ஸ்டன்ட் பாட் மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். சமைக்கும் நேரம் ஏசியை நிறுத்துங்கள், அல்லது கேஸ் அடுப்பில் குக்கர் வையுங்கள். பிரேக்கர் விழுந்தது தெரியாமல் நாயை உள்ளே விட்டுப் போவதுதான் ஆபத்து.

வெயிலும் பூட்டிய வண்டியும்

மேலே சொன்ன வரி இந்தக் கட்டுரையில் முக்கியமானது என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். வெளியே இதமான 70 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தாலும் மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 100 தாண்டிவிடும். ஆர்.வி. கார் அளவுக்கு வேகமாகச் சூடாகாது என்று சொல்வார்கள். ஏசி நின்ற ஆர்.வி.யும் அடுப்புதான். உள்ளே இருக்கும் வெப்பநிலையைக் கைபேசிக்கு அனுப்பும் கருவிகள் விற்கிறார்கள், வாங்கலாம், ஆனால் அவை சிக்னலை நம்பி இருப்பவை. பூங்காவுக்குள் சிக்னல் பாதி இடத்தில் கிடையாது. தவிர, நாயைத் தனியே விடுவதற்கு ஒவ்வொரு திடலிலும் ஒரு விதி. கட்டிப்போட்டுவிட்டுப் போவது பொதுவாகத் தடை.

ஆகவே நாங்கள் செய்வது முறை வைத்துக்கொள்வது. காலையில் ஒருவர் மலைப்பாதைக்கு, மற்றவர் மணியோடு. மத்தியானம் மூன்று பேரும் உள்ளே. சாயந்திரம் மற்றவருக்கு வாய்ப்பு. தம்பதியாகச் சேர்ந்து போக வேண்டும் என்று வந்தவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இப்போது பிடித்துவிட்டது, திரும்பி வந்ததும் சொல்வதற்கு இரண்டு பேரிடமும் வேறு வேறு கதை இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டிய நாளுக்கு நாய்க் காப்பகம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. முன்பதிவும் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும்.

தரைச் சூட்டுக்குப் புறங்கையைத் தார் மேல் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாயின் பை

ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் நகல், உடம்பில் அடையாளச் சிப், கைபேசி எண் பொறித்த பட்டை. சிப்பில் பதிவான எண் பழைய எண்ணா என்று பாருங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தை விடாதீர்கள். தென்மேற்கில் அணில், பிரேரி நாய் போன்ற கொறிவிலங்குகளின் தெள்ளுப்பூச்சி மூலம் பிளேக் இன்னும் பரவுகிறது. வழக்கமான உணவையே எடுத்துப் போங்கள், புது ஊரில் புது உணவு வேண்டாம். அதையும் ராத்திரி வெளியே வைக்கக் கூடாது, கரடிக்கு நாய்ச் சோறும் சோறுதான். நம்ம சாப்பாட்டில் உப்பில்லாத தயிர்சாதம் மணிக்கு ஒத்துக்கொள்கிறது. வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். சாம்பார், சர்க்கரைப் பொங்கல் பாத்திரங்களை அது எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

வண்டி ஓடும்போது நாயைச் சுதந்திரமாக விடக் கூடாது. மார்புப் பட்டையைச் சீட் பெல்ட்டில் கோத்துவிடுங்கள். இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை: ஆர்.வி. படிகள் ஓட்டை போட்ட இரும்பு. கீழே தரை தெரிவதால் பல நாய்கள் ஏற மறுக்கும். முப்பது கிலோ மணியை இரண்டு நாள் தூக்கி ஏற்றிய பிறகுதான் ஒரு சாக்குத்துணியைப் படியில் கட்டினோம். உடனே ஏறிவிட்டான்.

எங்கள் பாதை

ஃபீனிக்ஸிலிருந்து முதலில் ஹோல்புரூக். பக்கத்தில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். இங்கே 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகி, சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாலைவனம் முழுக்கக் கிடக்கின்றன. கிரிஸ்டல் ஃபாரஸ்ட், ஜயன்ட் லாக்ஸ் இரண்டு பாதையும் சின்னவை, மணியோடு சேர்ந்தே நடந்தோம். ஒரு துண்டு கல்லை எடுத்தாலும் குற்றம். மணி ஒன்றைக் கவ்வினான், வாயைத் திறந்து பிடுங்கி அதே இடத்தில் வைத்தேன். பூங்காவுக்குள் ஆர்.வி. தங்க இடமில்லை, ஹோல்புரூக்கில் தங்க வேண்டும். நாயோடு முதல் பூங்கா இதுவாக இருப்பது நல்லது. மூன்று பேருக்கும் தைரியம் வரும்.

இரண்டாவது கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. விளிம்புக்கு மேலே உள்ள பாதைகளில் நாய் வரலாம், விளிம்புக்குக் கீழே ஒரு அடிகூட முடியாது, ஷட்டிலும் கிடையாது. ரிம் டிரெயில் 13 மைல் நீளம், பெரும்பகுதி தளம் போட்டது. சூரியன் உதிப்பதற்கு முன் போங்கள், கூட்டம் இல்லாமல் இருக்கும். பல இடங்களில் தடுப்புக் கம்பி இல்லை, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதைகள் வந்தால் ஒதுங்கி நின்று நாயை உட்கார வைக்க வேண்டும். ஹெர்மிட் சாலையில் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை தனி வண்டி போகாது, அதனால் வண்டியில் சுற்றிப் பார்க்க டெசர்ட் வியூ சாலையைப் பிடியுங்கள். மேதர் திடலில் ஹூக்-அப் இல்லை. பக்கத்து டிரெய்லர் வில்லேஜில் மூன்றும் உண்டு, விலையும் அதற்கேற்ப. என் முறை வந்தபோது பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் இளைப்பாறும் இடம் வரை இறங்கி ஏறினேன். இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே இவர் மணிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து பேஜ் ஊருக்குப் போகும் வழியில் கடிகாரம் பைத்தியம் பிடித்த மாதிரி மாறும். அரிசோனா கோடையில் நேரத்தை மாற்றுவதில்லை, நடுவில் உள்ள நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி மாற்றுகிறது, யூட்டாவும் மாற்றுகிறது. கைபேசியை நம்பிய நாங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, இருட்டில் சாமான் கட்டி, திடலின் அலுவலகம் திறக்கக் காத்திருந்தோம். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். பேஜில் ஹார்ஸ்ஷூ பெண்ட் நடைக்கு நாய் வரலாம், நிழலே இல்லை, காலையில் போங்கள். ஆன்டலோப் கேன்யனுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், நாய் கிடையாது. வாவீப் திடலில் ஹூக்-அப்போடு ஏரி தெரியும் இடம் கிடைத்தால் இரண்டு நாள் சும்மா இருங்கள். துணி துவைக்கவும் ஒரு நாள் வேண்டும்.

இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிய அந்த அளவுத் தாள். கனாப் ஊரிலிருந்து சயானுக்குக் குறுக்கு வழி மவுண்ட் கார்மல் சுரங்கம், 1930-இல் திறந்தது, 1.1 மைல். முன்பெல்லாம் பெரிய வண்டிகளுக்கு 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை நிறுத்தி, நடுவில் ஓட்ட விடுவார்கள். 2026 ஜூன் முதல் 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம், அல்லது 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலம், அல்லது 35 அடி 9 அங்குலத்துக்கு மேல் நீளம் இருந்தால் அனுமதியே இல்லை. வாடகை சி வகை அகலத்திலேயே அடிபட்டுவிடும். ஃபிரடோனியா, ஹரிக்கேன் வழியாகச் சுற்றி வர வேண்டும், ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். கார் வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் வண்டி 12 அடி உயரம் என்று தெரியாது, அது சுரங்கத்துக்கே அனுப்பும்.

சயானில் நாய்க்கு ஒரே பாதை, பாரஸ். வாட்ச்மேன் திடலிலிருந்து நடந்தே போகலாம், அங்கே மின்சார இணைப்பும் உண்டு. ஆற்றங்கரையில் சமதளமான நடை, சாயந்திரம் பாறைகள் சிவக்கும்போது மிக அழகு. ஆனால் நாயை ஆற்றில் இறக்காதீர்கள், தண்ணீர் குடிக்க விடாதீர்கள். 2020 ஜூலையில் அந்த ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி இறந்துபோனது. ஆற்றுப் பாறைகளில் வளரும் ஒரு வகை நுண்ணுயிர்ப் படிவம் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகிறது. பார்வைக்குப் பாசி மாதிரிதான் இருக்கும். குடிக்க வீட்டுத் தண்ணீர், மடக்குக் கிண்ணம், அவ்வளவுதான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறுவதானால் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் முறை வைத்துத்தான்.

கடைசி பிரைஸ். சுரங்கம் இல்லாததால் 15-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், 20, 89, 12 என்று திரும்ப வேண்டும். பூங்காவில் தளம் போட்ட இடங்களில் மட்டும்தான் நாய்க்கு அனுமதி. அதில் ஒன்று சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் நடுவே உள்ள அரை மைல் தார்ப்பாதை. அரை மைல்தானே என்று அலட்சியம் வேண்டாம். கீழே ஆயிரக்கணக்கான ஆரஞ்சுத் தூண்கள் கோயில் கோபுரங்களை நெருக்கி வைத்த மாதிரி நிற்கும். காலை ஆறு மணிக்கு அந்த அரை மைலை நாங்கள் நாலு தடவை நடந்தோம்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

முந்தின இரவே தொட்டிகளைக் காலி செய்துவிடுங்கள், காலியாக இல்லாவிட்டால் அபராதம். கேஸும் பெட்ரோலும் எடுத்த அளவுக்கு நிரப்புங்கள். ரப்பர் கையுறையை ஈரமாக்கிச் சீட்டைத் தேய்த்தால் நாய் முடி உருண்டு வந்துவிடும். ஏசியின் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள், எங்களுடையதில் இன்னொரு மணி செய்கிற அளவுக்கு முடி இருந்தது. படியில் கட்டிய சாக்குத்துணியை அவிழ்க்க மறந்துவிட்டோம்.